லெஃப்ட் பேக் இடத்துக்கு ஒரு பேர்

வியாசர்பாடி
8.12.2002

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி நிலவன் எழுதுவது. ஜெய்பீம். அண்ணி யசோதரா, உன் மகள் அம்மு, என் மனைவி அன்புக்கரசி மூவரும் சுகம். ஷார்ஜா குளிர் உன் மூட்டுக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேச ஆரம்பிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

வருகிற ஏப்ரல் பதினாலோடு நம் நீலக்கொடி கால்பந்துக் கழகத்துக்கு இருபத்தைந்து வயது. வருஷா வருஷம் கழக அறைச் சுவரில் அந்த வருஷத்து டீமை எழுதி, அடுத்த ஏப்ரலில் வெள்ளையடித்து அழிக்கிறோம் இல்லையா? இந்த முறை சுவரில் எழுதப் போவதில்லை. தகரப் பலகை வைக்கிறோம். கழகம் பிறந்த நாளிலிருந்து ஆடினவர்களில் சிறந்த பதினோரு பேர், எனாமல் பெயிண்டில். அழிக்கவே கூடாது.

சட்டமும் அதேதான். பேர் ஏறினவன் உயிரைக் கழகத்து ஆள் எவனும் தொடக்கூடாது. சுவரில் இருந்தபோது அது ஒரு வருஷப் பாதுகாப்பு. பலகையில் ஏறினால் ஆயுசுக்கும். அதனால்தான் இவ்வளவு அடிதடி. கோலி, நடுவில் ஆடுகிறவர்கள், ஃபார்வர்டுகள் என்று ஏழு பேரை ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். சென்டர் ஹாஃப் நீதான், ஒருத்தனும் எதிர்க்கவில்லை. பேக் நாலு பேரில்தான் ரகளை. ரெண்டாவது கூட்டத்தில் நாற்காலி பறந்து ஒருத்தன் மண்டையில் ஆறு தையல். தலைவர் அம்புரோஸ் அண்ணன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "அல்லாரும் வாய மூடுங்கடா. கேப்டன் பகலவன் ஷார்ஜாவுல உயிரோடதான கீறான்? அவன் சொல்ற நாலு பேருதான். அத்தோட சரி" என்றார்.

ஆகவே நாலு பேரை நீ எழுதி அனுப்பு. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் காலில் ஒரு அடி. பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதே. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிக்காதே.

உன் தம்பி,
நிலவன்

ஷார்ஜா
27.12.2002

தம்பி நிலவனுக்கு அண்ணன் பகலவனின் ஜெய்பீம். நான் நன்றாக இருக்கிறேன். கப்பல் அடித்தட்டில் துரு தேய்த்துத் தேய்த்து இருமலும் துரு நிறத்தில் வருகிறது, மற்றபடி குறை இல்லை. உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அடிபட்ட காலோடு கிரவுண்டில் இறங்கினாய் என்று தெரிந்தால் வந்து இன்னொரு காலையும் நானே உடைப்பேன்.

வெள்ளிக்கிழமை லீவு முழுக்க இதே வேலையாக இருந்தேன். அறையில் இருக்கிற மலையாளிகள் "எந்தா பகலவன், பரீட்சையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ரைட் பேக் பக்ருதீன். காலையில் புளியந்தோப்பு ஆடுதொட்டியில் ஐம்பது ஆடு உரித்துவிட்டு, ரத்த வாடையோடு நேராக மேட்சுக்கு வருவான். எதிர் டீம் விங்கர் அந்த வாடைக்கே பத்தடி தள்ளி நிற்பான். ஆனால் பக்ருதீன் ஒருத்தனையும் கீழே தள்ளினதில்லை. பந்தை மட்டும் எடுப்பான், "சாரி பாய்" என்பான்.

ஸ்டாப்பர் பக்தவச்சலம். ரயில்வேயில் குமாஸ்தா, மூக்குக் கண்ணாடி, நெற்றியில் திருமண். நிஜக் கசாப்புக்காரர் இவர்தான். கார்னர் அடிக்கும்போது முழங்கை எங்கே போகும் என்று ரெஃப்ரிக்குத் தெரியாது, அடி வாங்கினவனுக்கு மட்டும் தெரியும். மணலி புதுநகர்க்காரன் ஒருத்தனுக்குத் தாடை ரெண்டாகப் போனது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவரும் இவர்தான்.

இன்னொரு ஸ்டாப்பர் அம்புரோஸ். ராயபுரத்தில் வாயில் பூட்ஸ் பட்டு ரெண்டு பல் கையோடு வந்தது. லைன்மேன் கையில் கொடுத்து, "வச்சுக்கோ, அப்பால வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கார்னரைத் தலையால் அடித்து வெளியே தள்ளினார். தலைவர் என்பதற்காக எழுதவில்லை, பல்லுக்காக எழுதுகிறேன்.

லெஃப்ட் பேக் ஜெயவேல். இதற்குக் காரணம் கேட்கிறவன் கால்பந்து பார்க்காமல் கபடி பார்க்கப் போகட்டும்.

அவ்வளவுதான். எனாமலை நல்லதாக வாங்குங்கள். அம்மு கணக்கில் எத்தனை மார்க் என்று எழுது. அன்புக்கரசி மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடட்டும்.

அண்ணன்,
பகலவன்

வியாசர்பாடி
12.1.2003

அன்புள்ள அண்ணனுக்கு, ஜெய்பீம். அம்மு கணக்கில் எழுபத்தெட்டு. அண்ணிக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை. உன் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? பார்த்தேன் என்று பொய் எழுதாதே.

உன் நாலு பேரைக் கூட்டத்தில் படித்தேன். பக்தவச்சலம் ஹார்லிக்ஸ் கதையைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும், "முழங்கை இல்லப்பா, தோள்பட்டைதான்" என்று கோபித்துக்கொண்டார்.

மூன்று பேர் சரி. லெஃப்ட் பேக் மட்டும் மாற்றிக் கொடு. ஜெயவேல் வேண்டாம். அவன் ஆடின காலம் வேறு, இப்போது இருக்கிற இருப்பு வேறு. கிரவுண்டுப் பக்கமே வருவதில்லை, மணலி புதுநகரில் போய் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பதில் ரெஜியைப் போடலாம். மளிகைக்கடை அண்ணாச்சி மகன், தொண்ணூற்றாறிலிருந்து ஆடினான், சுத்தமான ஆட்டம், ஒரு மஞ்சள் கார்டு கூட வாங்கினதில்லை. பலகைக்கு எனாமலும் அவர்கள்தான் தருகிறார்கள்.

"ரெஜி சம்மதம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயிண்டர் அவசரப்படுத்துகிறார்.

உன் தம்பி,
நிலவன்

ஷார்ஜா
26.1.2003

தம்பி நிலவனுக்கு ஜெய்பீம். இருமல் போய்விட்டது. டாக்டரைப் பார்க்கவில்லை, தானாகவே போய்விட்டது. உன் கால் வலி என்ன ஆயிற்று என்று நீ ஒரு வரி எழுதவில்லை, கவனித்தேன்.

ரெஜியா? எனாமல் தருகிறான் என்பதற்காக லெஃப்ட் பேக்கா? அவன் அப்பா தகரமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் கேப்டனாக்கி இருப்பீர்கள் போலிருக்கிறது! இருபத்தைந்து வருஷக் கழகத்தைக் கேவலப்படுத்தாதீர்கள். மஞ்சள் கார்டே வாங்காதவன் எப்படியடா பேக்? அவன் டீச்சராகப் போகட்டும்.

எண்பத்தொன்பது ஃபைனல் நடந்தபோது உனக்குப் பதினாலு வயசு, ஆனால் நீ பார்த்தது கோல் மட்டும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். காலடிப்பேட்டை கிரவுண்டு. இடது பக்கக் கோட்டுக்கு வெளியே எதிர் டீம் ஆட்கள் சைக்கிள் செயினோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயவேல் கோட்டோரம் வரும்போதெல்லாம் முதுகில் ஒரு வீச்சு. ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாதி ஆட்டத்தில் பனியன் முதுகோடு ஒட்டிப் போய், உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. நான் சொன்னேன், "டேய், உள்ள வந்து ஆடு, கோட்டு பக்கம் போவாத." அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் உள்ள வந்தா அந்த விங்கரும் உள்ள வந்துடுவான் கேப்டன். வுடு, செயினு தானே." மறுபாதியில் டீம் பக்கம் மாறியதும் செயின்காரர்களும் எழுந்து எதிர்க் கோட்டுக்கு வந்தார்கள், அவன் அப்போதும் கோட்டோரமே நின்றான். விங்கர் ஒரு தடவை கூடத் தாண்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் செயின் வைத்திருந்தவனைத் தேடிப் போய் மூக்கை உடைத்துவிட்டுத்தான் கோப்பையைத் தொட்டான்.

எண்பத்து மூன்றில் தோற்ற கடுப்பில் நம் கோலி நம் சென்டர் ஃபார்வர்டையே குத்திக் கொன்றானே, அன்றைக்குச் சுவரில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். "கை கால் போகலாம், சுவத்துல பேர் கீறவன் உசுரு போகக் கூடாது" என்று முதலில் சொன்னவனே ஜெயவேல்தான். அவன் இல்லாமல் பலகை எதற்கு?

அவன் தம்பி துரை இப்போது என்ன செய்கிறான்? எண்ணூரில் கன்டெய்னர் கணக்கு எழுதுகிறான் என்று யசோதரா முன்பு சொன்னாள். பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் எழுது.

அண்ணன்,
பகலவன்

வியாசர்பாடி
20.2.2003

அண்ணனுக்கு, ஜெய்பீம். எல்லோரும் சுகம். பதில் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

ஜெயவேல் வேண்டாம். நீ எண்பத்தொன்பதிலேயே நிற்கிறாய். அவன் போன அக்டோபரில் கழகத்து ஆள் ஒருத்தனைப் பட்டப்பகலில் வெட்டினான். பெயிலில் வந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். பசங்கள் கொதித்துப் போய் இருக்கிறார்கள். பலகை எழுதி முடிக்கிறவரை ஒருத்தனும் அசையக்கூடாது என்று அம்புரோஸ் அண்ணன் பிடித்து வைத்திருக்கிறார். இப்படிப்பட்டவனை எனாமலில் எழுதச் சொல்கிறாயா?

ரெஜி வேண்டாம் என்றால் வேறு யாரையாவது சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

நிலவன்

ஷார்ஜா
4.3.2003

நிலவனுக்கு.

வெட்டினான் என்று எழுதினாய். யாரை என்று எழுதவில்லை.

ரெஜியின் அண்ணன் ஜெபின் இங்கே மாமா கடையில் வேலைக்கு வந்திருக்கிறான். யசோதரா கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தோடு அறைக்கு வந்தான். உன் கால் எப்படி இருக்கிறது என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். அவன் விழித்தான். "இடது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கல்லா அண்ணாச்சி. ஜெயவேல் வெட்டுனதுல்லா. உங்களுக்குத் தெரியாதா?" என்றான். முறுக்கைச் சுவரில் அடித்தேன். அந்தப் பையன் பயந்து ஓடிவிட்டான்.

அஞ்சு மாசம். ஒத்தடம் கொடு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், இல்லாத காலுக்கு! யசோதராவும் சேர்ந்து மறைத்திருக்கிறாள். அப்பா செத்தபோது உனக்கு ஏழு வயசு. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். லெஃப்ட் விங்கில் நீ ஓடினால் புழுதி உனக்குப் பின்னால்தான் வரும். அந்தக் காலை எடுத்துவிட்டானா? அவன் செயின் அடி வாங்கியதை உனக்கு உட்கார்ந்து கதை எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி டிக்கெட். லெஃப்ட் பேக் இடத்தைக் காலியாக விடுங்கள். அவன் பேர் பலகையில் ஏறக்கூடாது, ஏறினால் சட்டம் என் கையைக் கட்டிப்போடும். பசங்களிடம் சொல், ஒருத்தனும் அவனைத் தொடக்கூடாது. அவன் எனக்கு. கழுத்தில் ஒரே வெட்டு, பிறகு எந்த ஜெயிலுக்கு வேண்டுமானாலும் போகிறேன்.

புண் ஆறிவிட்டதா? ராத்திரி வலிக்கிறதா? உண்மையை எழுது.

பகலவன்

வியாசர்பாடி
14.3.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

புண் ஆறிவிட்டது. இல்லாத பாதம் அரிக்கிறது, அவ்வளவுதான். மற்றவர்கள் சுகம்.

அண்ணி மேல் கோபப்படாதே. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வாயை அடைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அண்ணி என் எதிரில் வந்து நின்று, "நீ எய்தறியா, இல்ல நான் எய்தட்டா? ஒனக்காக எம் புருசன் தூக்குக்குப் போவணுமா?" என்று கேட்டார். எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

நான் ஒர்க்‌ஷாப்பில் இல்லை. போன வருஷமே விட்டுவிட்டேன். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் கான்ட்ராக்டரிடம் ஆள் சேர்த்துக்கொண்டு மிரட்டுகிற வேலை. போட்டிக் கான்ட்ராக்டரின் லாரியை மறிப்பது, கண்ணாடி உடைப்பது, டிரைவரை அடிப்பது. நல்ல ஜீன்ஸ், பைக் எல்லாம் அதில் வந்ததுதான். துரை அந்தப் போட்டிக்காரனிடம் கணக்கு எழுதினான். எங்கள் லாரி நம்பரைப் போலீசுக்குச் சொல்கிறான் என்று கான்ட்ராக்டர் எங்களை அனுப்பினான். கையில் ஒரு வெட்டு போட்டு விரட்டச் சொன்னான்.

ஆகஸ்ட் ஒன்பது, மத்தியானம். ஆறு பேர் போனோம். துரை யார்டு வாசலில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்து, "இன்னா நிலவா, சாப்டியா?" என்றான். மற்றவர்கள் கையில் இருந்ததைப் பார்த்தபிறகுதான் எழுந்து ஓடினான். நிலக்கரித் தூசியில் வழுக்கி விழுந்தான். கையைத்தான் வெட்டப் போனேன், அவன் திரும்பிவிட்டான், கழுத்தில் பட்டுவிட்டது என்று கான்ட்ராக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணா, அவன் திரும்பவே இல்லை. குப்புறக் கிடந்து "வேணாம் நிலவா" என்றான். என் பேரைச் சொல்லிவிட்டானே, பிழைத்தால் மறுபடி சொல்லுவானே என்று பயம் வந்தது. மூன்று வெட்டு. மூன்றும் நான்தான்.

கான்ட்ராக்டர் வேறு ரெண்டு பேரைக் கோர்ட்டில் சரண்டர் ஆக வைத்தான். அவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அம்புரோஸ் அண்ணனுக்கோ கழகத்தில் மற்றவர்களுக்கோ தெரியாது. ஜெயவேல் எப்படியோ தெரிந்துகொண்டான்.

அக்டோபரில் டீக்கடைக்குத் தனியாக வந்தான். பேப்பரில் சுற்றின அரிவாள். என்னைக் கீழே தள்ளி நெஞ்சில் முட்டி போட்டு அழுத்தினான். "ஒன் பேரு சுவத்துல கீது. உசுர தொட மாட்டேன். சட்டம் நான் போட்டது" என்றான். பிறகு காலை வெட்டினான். எலும்பு சுலபத்தில் போகவில்லை, நாலு தடவை. போலீசில் துரை விஷயத்தை அவன் வாயே திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் பதினாலில் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். என் பேர் போய்விடும். அதற்கப்புறம் என் உயிர் அவன் கையில். அதற்கு முந்தி அவனை முடித்துவிட வேண்டும் என்றுதான் பசங்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேர் பலகையில் ஏறினால் அது நடக்காது. அதனால்தான் ரெஜி, ரெஜி என்று உன்னிடம் கெஞ்சினேன்.

வராதே அண்ணா. அவனைக் கொல்ல உனக்கு நியாயம் இல்லை. எனக்கும் இல்லை.

நிலவன்

ஷார்ஜா
27.3.2003

நிலவனுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை. இராக்கில் சண்டை ஆரம்பித்துவிட்டது, இங்கே பயமில்லை என்று யசோதராவிடம் மட்டும் சொல்.

உன் கடிதம் வந்த அன்று கிரைண்டர் பிடிக்க முடியவில்லை. ரெண்டு தடவை கீழே போட்டேன், ஃபோர்மேன் வெளியே அனுப்பிவிட்டான். டெக்கில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை, சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்டவனை! எந்த வயிற்றில் பிறந்தாயடா நீ? நம் அம்மா சுவரொட்டி ஒட்டி, பாத்திரம் தேய்த்து நம்மை வளர்த்தது இதற்கா? பக்கத்தில் இருந்திருந்தால் உன் இன்னொரு காலை நான் எடுத்திருப்பேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

என்னிடம் நாலு பேர் கேட்டீர்கள். கடைசியாகச் சொல்கிறேன். பக்ருதீன், பக்தவச்சலம், அம்புரோஸ், ஜெயவேல். பரிதாபத்துக்காக இல்லை. அவனை விடப் பெரிய லெஃப்ட் பேக்கை நான் பார்த்ததில்லை, அதற்காக. அவன் பேர் ஏறினால் உன் பசங்கள் அவனைத் தொட முடியாது. அவன் உன்னைத் தொடலாம். தொடட்டும். அதைத் தடுக்க என்னிடம் பேர் இல்லை.

பலகை எழுதுவதற்கு முன்னால் நீ மணலி புதுநகருக்குப் போ. யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. அவன் எதிரில் நின்று, உன் வாயால், எனக்கு எழுதினதை அப்படியே சொல். பிறகு கோர்ட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, உனக்காக உள்ளே இருக்கிற ரெண்டு பேரை வெளியே விடு. இதைச் செய்யாவிட்டால் நானே கமிஷனருக்கு எழுதுவேன். உன் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அன்புக்கரசியை நினைத்தால்தான் நெஞ்சு வலிக்கிறது. அவளை யசோதரா பார்த்துக்கொள்ளட்டும்.

பகலவன்

வியாசர்பாடி
15.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு நிலவனின் ஜெய்பீம். அண்ணியும் அம்முவும் சுகம். அன்புக்கரசி ரெண்டு நாளாக என்னோடு பேசவில்லை, ஆனால் சோறு போடுகிறாள். நீ மறுபடி வேலைக்குப் போகிறாயா?

பதினோராம் தேதி காலை ஆட்டோவில் தனியாக மணலி புதுநகர் போனேன். ஜெயவேல்தான் கதவைத் திறந்தான். கக்கத்தில் ஊன்றுகட்டைகளோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தான். "உள்ள வா. நொண்டிய வாசல்ல நிக்க வச்சா எங்கம்மா என்னத்தான் திட்டும்" என்றான். அவன் அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். தயிர்சாதம், நிலக்கரித் தூசி, அவன் திரும்பாதது, மூன்று வெட்டு, எல்லாம்.

அந்த அம்மா சொம்பை என் கையிலிருந்து பிடுங்கி, தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போனார். ஜெயவேல் என் கட்டையைத் தட்டிவிட்டான். விழுந்தேன். அதே கட்டையை என் தொண்டையில் குறுக்கே வைத்து ரெண்டு கையாலும் அழுத்தினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கையை எடுத்துத் தடுக்கவில்லை, தடுக்கிற தைரியம் இல்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து, "வுட்ரா. எம்மாம் பேர்டா சாவணும்?" என்று கத்தினார். விட்டான். ரொம்ப நேரம் இருமினேன்.

"எனக்குத் தெரிஞ்சதுதான். ஒன் வாயால கேக்கணும்னுதான் இத்தினி நாளா காத்துகினு இருந்தேன்" என்றான். பிறகு, "கேப்டன் இன்னா சொன்னான்?" என்று கேட்டான்.

"லெஃப்ட் பேக் நீதான்னு எழுதியிருக்கான்."

"அது எனக்குத் தெரியாதா? என்ன வுட்டா எவன் கீறான்?" என்றான். முகம் ஒரு நொடி மலர்ந்தது அண்ணா, பொய் சொல்லவில்லை. உடனே இறுகிவிட்டது. "எம் பேரு வேணாம். தொரை பேர எய்து."

எனக்குப் புரியவில்லை. "துரை ரிசர்வ்ல மூணு மேட்ச்சுதான ஆடினான். அதுலயும் ஒரு ஓன் கோலு" என்றேன்.

"தெரியும்டா. எந் தம்பிக்கு ஆட வராது. எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அத்தினாலதான் எய்தச் சொல்றேன். பலகைய பாக்கறவன் எல்லாம் கேப்பான், இவன் யாருடா, இவன் எப்பிடிடா இங்க வந்தான்னு. நீ பதில் சொல்லு. ஒன் கையால எய்து, ஒன் வாயால சொல்லு. கேக்கற ஒவ்வொருத்தனுக்கும் சொல்லு."

"உன் பேர் ஏறலேன்னா பசங்க உன்னச் சும்மா விட மாட்டாங்க."

"வரட்டும். நான் இங்கதான் கீறேன்" என்றான்.

பதின்மூன்றாம் தேதி கழகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன். அம்புரோஸ் அண்ணன் என்னை அறைந்தார், மோதிரம் பட்டுக் கன்னம் கிழிந்தது. பசங்கள் ரெண்டு பேர் காறித் துப்பிவிட்டு வெளியே போனார்கள். பிறகு அம்புரோஸ் அண்ணனே பெயிண்டரிடமிருந்து பிரஷை வாங்கி என் கையில் கொடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். பக்ருதீன், பக்தவச்சலம், அம்புரோஸ் மூன்று பேரையும் பெயிண்டர் அழகாக எழுதியிருந்தார். நாலாவது பேர் மட்டும் கோணலாக இருக்கிறது. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெயவேல் மேல் ஒருத்தனும் கை வைக்கக்கூடாது, பலகையில் பேர் இல்லாவிட்டாலும் கூடாது என்று அம்புரோஸ் அண்ணன் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். வெளியே போன ரெண்டு பேர் திரும்பி வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நாளைக் காலை வக்கீலோடு கோர்ட்டுக்குப் போகிறேன். இனி கடிதம் ஜெயில் முத்திரையோடு வரும். நீ பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

நேற்று விழா. தாரை தப்பட்டை, நீலக்கொடி, பாபாசாகேப் படத்துக்கு மாலை, எல்லாம் ஆன பிறகு பலகையைத் திறந்தார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கழகம் தொடங்கின நாளிலிருந்து கோட்டோரம் சுண்டல் விற்கிற ரஹீமுன்னிசா அக்கா முதலில் வந்தார். விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தார். நாலாவது பேரில் விரல் நின்றது.

"இன்னாடா இது கலீஜு? ஜெயவேலு எங்க? தொரையாம் தொரை. இருபத்தஞ்சு வருசமா இங்கதான் குந்திகினு கீறேன், இந்தப் புள்ள இன்னா ஆடிக் கிழிச்சிச்சு?" என்று கேட்டார்.

"அவன் ஒண்ணும் ஆடலக்கா. அவனை நான் வெட்டிக் கொன்னுட்டேன்" என்றேன்.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டார். தப்பட்டைச் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. "இன்னா சொன்னான்? இன்னா சொன்னான்?" என்று நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அம்புரோஸ் அண்ணன் கையைக் காட்டித் தப்பட்டையை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டையை ஊன்றி எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

நிலவன்